இரண்டு விரிப்பு

"நுமைர் தம்பி, மனசை மட்டும் தளர விட்டுடாதே! நாளைக்கு ஒரே ஒரு நிமிஷ வலி. அப்புறம் நேரே மோட்சம்தான்!"

சிறைக் கதவின் துவாரத்தில் வாயை வைத்து உருகிக்கொண்டிருந்தார் கிறித்தவ மடத்துத் தலைவர் பர்ஸவ்மா.

உள்ளே இருந்தவன் ஒட்டகம் ஓட்டுகிறவன். முஸ்லிமாகப் பிறந்தவன். போன மாதம் இதே பர்ஸவ்மாவின் கையால் யாருக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் வாங்கிக் கிறித்தவனானான். மனசில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவன், ரூஹா நகரத்துக் கடைத்தெருவில் அதைச் சொல்லியும் விட்டான். பழைய மார்க்கத்துக்குத் திரும்ப மூன்று நாள் தவணை. திரும்பாவிட்டால் தலை போய்விடும். இரண்டு நாள் முடிந்துவிட்டது.

"திரும்ப மாட்டேன் சாமி. காய்ச்சல்ல நான் நாதியத்துக் கிடந்தப்ப உங்க மடத்து ஆளுங்கதான் கஞ்சி ஊத்திக் காப்பாத்தினாங்க. அவங்க கும்பிடுற ஏசுவை விட மாட்டேன். ஆனா பயமா இருக்கு. என் பொண்ணுக்கு நாலு வயசுதான் ஆகுது."

"பொண்ணை மடம் பாத்துக்கும். நீ திடமா இரு."

"சாகாம இருக்க ஏதாவது வழி..."

"சே, சே! வேதத்துக்காக உயிரைக் குடுக்கிற வேதசாட்சி பேசுற பேச்சா இது?"

அவருக்கு உண்மையாகவே மனசு வலித்தது. எதிர்மலை மடத்தில் ஒரு புனிதரின் சுண்டுவிரல் எலும்பு இருக்கிறது. அந்தத் துணுக்கு எலும்புக்கே அந்தியோக்கியாவிலிருந்தெல்லாம் சனம் காணிக்கையோடு வந்து குவிகிறது. பர்ஸவ்மாவின் மடத்தில் பேர் சொல்ல இருப்பது ஊறப்போட்ட ஆலிவ் காய் மட்டும்தான். இப்போது முழு உடம்பே கிடைக்கப் போகிறது!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஒட்டகக்காரன் சங்கதி அப்படியில்லை. இறந்தால்தான் பொன். பலிபீடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டியாயிற்று. மூடுகல்லில் பெயரும் செதுக்கியாயிற்று. இரத்தம் தோய்த்தெடுத்துப் பக்தர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுக்க நாற்பது முழம் வெள்ளைத் துணியும் தயார்.

வெளியே வந்தவரை, தீர்ப்புச் சொல்லும் காஜி ஹய்யான் நிறுத்தினார்.

"பெரியவரே, நீங்க அவனோட பழகினவர். காய்ச்சல்ல கிடந்து எழுந்தவன், புத்தி கித்தி பேதலிச்சிருக்குமோ? பித்தன் மேல சட்டம் பாயாது. பழகினவங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்."

"ஐயய்யோ! எவன் சொன்னது? கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கான். வேணும்னா சத்தியம் பண்றேன்!"

காஜி தாடியைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

"கல்நெஞ்சக்காரன்! நாளைக்கு முடிச்சுடுவான்" என்று மடத்தில் வந்து சொன்னார் பர்ஸவ்மா. சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

மூன்றாம் நாள். காஜியின் முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் துணியும் கையுமாகப் பர்ஸவ்மா.

"நுமைர், கடைசியாக் கேக்குறேன். திரும்புறியா?"

"மாட்டேன் ஐயா." பயம்தான். ஆனாலும் சொல்லிவிட்டான்.

"சிங்கம்யா, சிங்கம்!" என்று துணியை உதறினார் பர்ஸவ்மா. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"சரி, உனக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாரு?"

நுமைர் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"எழுத்தரே, தோல் விரிப்பை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார் காஜி. தலை வெட்டும்போது தரை நனையாமல் விரிக்கிற விரிப்பு அது. "ஒன்னு போதாது, ரெண்டு வேணும். இவனுக்கு ஒன்னு. ஞானஸ்நானம் குடுத்த மகானுக்கு ஒன்னு. சேர்ந்தே மோட்சம் போகட்டும். ஏன் பெரியவரே, உங்க மடத்துலதானே கிடந்தான்? அந்த மகான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பர்ஸவ்மா இரத்தம் தோய்க்கக் கொண்டுவந்த துணியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"காஜியாரே... இவன்... இவன் ஒரு பித்தன்!"

"முந்தாநேத்துகூட இல்லை, நேத்துதான் கண்ணாடி மாதிரின்னீங்க?"

"கண்ணாடியில விரிசல் விட்டுடுச்சுங்க! காய்ச்சல் மண்டைக்கு ஏறிடுச்சு. ஒட்டகத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா பேசுவான். இவனுக்குப் போய் எவனாவது ஞானஸ்நானம் குடுப்பானா?"

நுமைர் விலுக்கென்று நிமிர்ந்தான். "சாமி! நீங்கதானே..."

"பாருங்க, பாருங்க! உளற ஆரம்பிச்சுட்டான்!"

"ஆமாம், நல்லாவே உளர்றான்" என்றார் காஜி. "எழுத்தரே, எழுதிக்கோங்க. மடத்துத் தலைவரே சாட்சி சொல்லிட்டாரு, இவன் பித்தன். பித்தனுக்குத் தண்டனை கிடையாது. இவனையும் பொண்ணையும் இன்னைக்கே வடக்கே போற வியாபாரக் கூட்டத்தோட ஏத்தி விடுங்க. எல்லைக்கு அந்தப்பக்கம் இவன் யாரைக் கும்பிட்டாலும் கேக்க ஆளில்லை."

நுமைர் அழுதுகொண்டே வெளியே போனான். பர்ஸவ்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தப்பித்தோம்டா சாமி என்று அவர் மூச்சு விட்டுக்கொண்டு துணியை மடிக்கும்போது, எழுத்தர் காஜியிடம் அங்கலாய்ப்பது காதில் விழுந்தது.

"ஏன் ஐயா, ரெண்டு விரிப்புக்கு நான் எங்கே போவேன்? இருந்த ஒன்னையும் நீங்க பதவிக்கு வந்த அன்னைக்கே எரிக்கச் சொல்லிட்டீங்களே!"