மூன்று பிரியதத்தம்

1957 ஜூலை 8, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் கோயில் யானையும் தபால்காரர் அற்புதசாமியும் எதிரெதிரே நின்றார்கள்.

இருபது கஜம் இடைவெளி. ஆற்றில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்த யானை, அவரைக் கண்டதும் நின்றுவிட்டது. இந்த வீதிக்கு அவர் தபால் கொண்டுவரத் தொடங்கிய ஆறு மாதமாக இதே கதைதான். எத்தனையோ பேர் போகிறார்கள், வருகிறார்கள். யானை நின்று முறைப்பது அவர் ஒருவரைத்தான். முன்ஜென்மப் பகையாக இருக்குமோ என்று தோன்றும். கிறிஸ்தவ வேதக்காரன் முன்ஜென்மத்தை நம்பக் கூடாது என்பதும் உடனே ஞாபகம் வரும்.

இடது கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் சைக்கிள் மணியை விடாமல் அடித்தார். யானை காதை விரித்தது. கழுத்தில் உட்கார்ந்திருந்த பாகன் காத்தமுத்து குனிந்து அதன் காதில் என்னவோ முணுமுணுத்தான்.

தன்னைத் துரத்தத்தான் சொல்கிறான் என்று அற்புதசாமி முடிவு செய்தார். சைக்கிளைத் திருப்பிப் பக்கத்துச் சந்துக்குள் பாய்ந்தார்.

"என்ன தபால்காரரே, யானைக்கு மணியார்டர் வந்திருக்கா? குடுக்காம ஓடுறீங்க!" என்றாள் சந்து முனையில் பூ கட்டிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள்.

அன்றும் அந்த வீதிக்குத் தபால் போய்ச் சேரப் பகல் பன்னிரண்டு ஆயிற்று. சாயங்காலம் போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார்.

"வடக்குச் சித்திரை வீதிக்காரங்க மூணாவது தடவையா எழுதிட்டாங்க. என்னய்யா காரணம்?"

"சைக்கிள் பஞ்சர் சார்."

"ஆறு மாசமாவா? இன்னும் ஒரு புகார் வரட்டும், ஒம்மைத் துறையூருக்கு மாத்திடுறேன்."

அற்புதசாமிக்குத் துறையூர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் மனைவி லூர்துராணிக்குக் காட்டூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஏழாவது மாதம் வேறு. அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால், யானைக்குப் பயந்து போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது அவர்தான். அன்றைய பாடம், சிங்கக் குகையில் தானியேல். "சர்வேசுரனை நம்பினவன் எதுக்குடா பயப்படணும்?" என்று மேஜையைத் தட்டிக் கேட்டார். சிங்கம் என்பதால் தைரியமாகக் கேட்க முடிந்தது. வடக்குச் சித்திரை வீதியில் சிங்கம் வருவதில்லை.

பாடம் முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் உண்மையைச் சொன்னார்.

"யானை வர்றப்ப ஜெபம் பண்றியா?" என்றார் சாமியார்.

"பண்ணாம இருப்பேனா சாமி? மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கிட்டேதான் நிப்பேன். வாய் பாட்டுக்கு ஜெபிக்கும், கை ரெண்டும் சைக்கிள்ல இருக்கும்."

"ஆண்டவர் மேல பாதி நம்பிக்கை, சைக்கிள் மேல பாதியா?" சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாளைக்குச் சைக்கிளைச் சுவத்துல சாத்திடு. ரெண்டு கையையும் கூப்பி மூணு பிரியதத்தம் சொல்லு. மிச்சத்தை அவர் பாத்துப்பார்."

மறுநாள் காலை அதே வீதி, அதே யானை. அற்புதசாமி சைக்கிளைச் சுவரில் சாத்தினார். கைகளைக் கூப்பினார். கண்ணை மூடிக்கொள்ளலாமா கூடாதா என்று சாமியார் சொல்லவில்லை. மூடிக்கொண்டார்.

முதல் மந்திரத்தில் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டார். இரண்டாவதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மூன்றாவது சொல்லும்போது ஈர மண் வாசனை மூக்கில் ஏறியது. கன்னத்தில் விசிறியது போலக் காற்று பட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார். யானை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வால் மட்டும் தெரிந்தது.

வெள்ளையம்மாள் பூ கட்டுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் யானை ஒரு நாள்கூட நின்று முறைக்கவில்லை. வடக்குச் சித்திரை வீதிக்குத் தபால் ஒன்பதரைக்கே போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் தானியேலுக்கு இரண்டு நிமிடமும் யானைக்கு அரை மணியும் கிடைத்தன.

திங்கட்கிழமை மூன்று பிரியதத்தத்தையும் முடித்துக்கொண்டு, கடந்துபோன பாகனைத் தாமே கூப்பிட்டு நிறுத்தினார்.

"என்னப்பா காத்தமுத்து, இப்பல்லாம் ஒன் யானை என்னைக் கண்டு நிக்கிறதே இல்ல, பாத்தியா? எல்லாம் எங்க ஆண்டவர் மகிமை."

"எங்க பெருமாளும் கண்ணைத் தொறந்துட்டாருங்க. ஆறு மாசமா இவ காதுல ரெங்கா, ரெங்கான்னு சொல்லிச் சொல்லி என் தொண்டையே கட்டிப்போச்சு."

"எதுக்கு?"

காத்தமுத்து சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை ஒரு பார்வை பார்த்தான். குனிந்து, யானைக்குக் கேட்காதபடி சொன்னான்.

"அந்த மணிச் சத்தம்னா இவளுக்கு நடுக்கங்க. ஒங்களைப் பார்த்தாலே மணி அடிப்பீங்கன்னு பயந்து நின்னுடுவா."

அன்று சாயங்காலம் அற்புதசாமி சைக்கிள் மணியைக் கழற்றி வீட்டில் வைத்தார். மறுநாளிலிருந்து பிரியதத்தம் ஆறாயிற்று. மூன்று அவருக்கு, மூன்று யானைக்கு.