கஞ்சியில் கலந்தது

கஞ்சியில் கலந்ததைச் சொல்லிவிடுவதா, வேண்டாமா என்று சுகிர்தபாய்க்கு இன்னும் தீர்மானமாகவில்லை. ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தள்ளுகட்டிலில், அவள் கணவர் பொன்னுதாஸ் கிடந்தார். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை.

"தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் மொக்கு மாதிரி வீங்கிக் கசிய ஆரம்பிச்சிருக்கு," என்றார் டாக்டர். பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரியும். "தொடை வழியா மெல்லிசான கம்பியை விட்டு அந்த வீக்கத்தை அடைக்கணும். கம்பியில ரத்தம் கட்டாம இருக்க, நாங்களே ரத்தத்தை இளக்கற மருந்து கொடுப்போம். முன்னாடியே இளகியிருந்தா, கசிவு நிக்காது. நெஞ்சுல வால்வு வச்ச தழும்பு இருக்கே, அதுக்காக ரத்தத்தை இளக்கற குளிகை ஏதும் சாப்பிடறாரா?"

இல்லை என்றுதான் அவள் சொல்ல வேண்டும். போன மாதம் பாறசாலைக் கன்வென்ஷன் பந்தலில் பொன்னுதாஸ் மேடையேறிச் சாட்சி சொல்லியிருந்தார்: "கர்த்தர் எனக்கெ இருதயத்தைச் சுகமாக்கினார். குளிகையெல்லாம் நெய்யாத்துல எறிஞ்சாச்சு!" பந்தலே அல்லேலூயா என்று அதிர்ந்தது. அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே, "விசுவாசம் இல்லாதவளே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாலையானால் போதகர் ஈசாக்கின் வீட்டுக்கு ஜெபத்துக்குப் போவார். அங்கே குடித்த தண்ணீரின் ஈரம் மீசையில் இருக்கத் திரும்புவார்.

அந்தப் போதகர் இப்போது அவளுக்குப் பின்னால் நின்றார். வேதப்புத்தகத்தை மார்போடு இறுக்கி அணைத்திருந்தார்.

"சேச்சி, சத்தியம் பறயணும்," என்றாள் நர்ஸ். "ஜீவன்டெ காரியமாணு."

உயிர் விஷயம், உண்மையைச் சொல் என்றதும் சுகிர்தபாய் உடைந்தாள்.

"நானாக்கும் கொடுக்கேன், டாக்டரே! தெனமும் ராத்திரிக் கஞ்சியில ஒண்ணைப் பொடிச்சுக் கலக்குவேன். அவியளுக்குத் தெரியாது. சாட்சி பொய்யானாப் போவட்டு, எனக்கு அவிய உசிரு வேணும்!"

பின்னாலிருந்து சாபம் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். வரவில்லை.

டாக்டரும் கடிந்துகொள்ளவில்லை. "தப்பில்லம்மா. அது இல்லேன்னா வால்வு அடைச்சிருக்கும். ஒரு குளிகைதானே, மாத்து மருந்து கொடுத்துச் சரிக்கட்டிடலாம்."

அவள் மூச்சு திரும்புவதற்குள் சுவரிலிருந்த போன் அலறியது. ரத்தப் பரிசோதனை முடிவு. கேட்கக் கேட்க டாக்டரின் முகம் இறுகியது.

"ஒண்ணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுதான்! மூணு நேரமும் கொடுக்க நான் என்ன கிறுக்கியா?"

"ஒண்ணுக்கு ரத்தம் இப்படித் தண்ணியா ஓடாது. மாத்து மருந்துக்கும் சட்டுன்னு அடங்காது. இந்த நிலையில கம்பியை உள்ள விட்டா, மேசையிலேயே போயிடுவார். அடைக்காம விட்டாலும் தாங்க மாட்டார்."

"ஒண்ணுதான் டாக்டரே! வேதத்தைத் தொட்டுச் சொல்லட்டா?"

தொடுவதற்காக அவள் திரும்பினாள். போதகர் புத்தகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் கன்னங்கள் நனைந்திருந்தன.

"தெனமும் சாயங்காலம் அவரு கேட்டு, நானும் ஒரு குளிகை கொடுத்தேன், மக்ளே."