பூஜ்ஜியம் எண் வளைவு

இத்தாலியின் வெனெத்தோ மலைச்சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறப் பலகைகளில் எண்கள் குறையும்; ஒன்று வந்தால் உச்சி. இதயம் தாங்காது என்று டாக்டர் தடுத்தும், அறுபத்தெட்டு வயது ஒர்னெல்லா ஞாயிறுதோறும் சைக்கிளில் ஏறினாள்.

ஒரு ஞாயிறு, ஒன்றாம் எண் வளைவுக்குப் பிறகு இன்னொரு வளைவு இருந்தது. பலகையில் பூஜ்ஜியம். கீழே, சாலையில் இறந்த சைக்கிள்காரர்களுக்கு வைக்கும் நினைவுக்கல். அதில் அவள் படம், அன்றைய தேதி, ஈரம் காயாத பூங்கொத்து.

"போட்டோவாவது நல்லதா வச்சிருக்கலாம்," என்றாள். பூங்கொத்தை எடுத்துச் சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் செருகிக்கொண்டு மிதித்தாள்.

உச்சியில் காப்பிக் கடைக்காரர் தார்சீசியோ சிரித்தார். "இந்த வயசுல உனக்கு யாரு பூ குடுத்தா?"

"எனக்குன்னு வச்சிருந்தாங்க. தண்ணி ஊத்தி வை. வாடிருச்சான்னு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்."