ஒரு வரிதானே

“அந்த ஒன்பதாம் பிரிவு நமக்கு வேண்டாம்மா.”

அமைச்சர் சொன்னதும் எதிரே நின்ற பெண் அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்ணுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அமைச்சர் மறுநாள் வெளிநாடு கிளம்புகிறார். ஏழு மாதமாக அவள் மாய்ந்து மாய்ந்து தயாரித்த கோப்பு அது.

“அதுதாங்க உயிர்நாடியே. கல்யாணமான பொண்ணு வெளிநாடு போகணும்னா புருஷன் சம்மதக் கடிதம் வேணும்கற சட்டத்தை எடுக்கற பிரிவு.”

“அதை எடுத்தா கூட்டணித் தலைவர் ஆதரவை எடுத்துடுவார். அவரோட பதினோரு பேர் எழுந்து போனா, நாமளும் நாற்காலியை விட்டு எழுந்துக்க வேண்டியதுதான்.”

அவள் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டாள். “எங்க அக்காவுக்கு வெளிநாட்டுல நர்ஸ் வேலை கிடைச்சிருக்குங்க. மாமா கையெழுத்துப் போடாம ஆறு மாசமா இழுத்தடிக்கிறார். இந்தப் பிரிவைத்தான் அவ மலை மாதிரி நம்பியிருக்கா.”

“அக்காவைப் பக்குவமா பேசச் சொல்லு. குடும்பம்னா விட்டுக்கொடுத்துதான் போகணும். நீ ‘எங்கள் பண்பாட்டுக்கு உட்பட்டு’ன்னு போட்டு, இந்தப் பிரிவு எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு எழுதிடு. மீதி இருபத்தொன்பதுலயும் ஜோரா கையெழுத்துப் போடலாம்.”

உதவியாளர் எட்டிப் பார்த்தார். “வீட்டுல இருந்து போன். மூணாவது தடவை.”

“வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க. கல்யாண நாளை மறந்துட்டேன்னு ஒரு வாரமா ஒரே முறைப்பு.”

அடுத்த போன் கூட்டணித் தலைவருடையது. அதற்கு மட்டும் அமைச்சர் எழுந்து நின்று பேசினார். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரியாதே என்ற கவலையோ என்னவோ, இடுப்பையும் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்.

“இன்னொரு வரி சேர்த்து, எல்லா ஆபீசுக்கும் சுற்றறிக்கை அனுப்பணுமாம்மா. ‘படிப்பு, பதவி எதைக் காட்டியும் எந்தப் பெண்ணுக்கும் விலக்கு கிடையாது. இன்றே அமல்.’”

“பெரிய பதவியில இருக்கறவங்களை இதுவரைக்கும் யாரும் கடிதம் கேட்டதில்லைங்க. இனிமே அவங்களுக்குமா?”

“எல்லாருக்கும்தான். ஒரு வரிதானே, எழுதித் தொலையேன்.”

எழுதித் தொலைத்தாள். அமைச்சர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மாலைக்குள் எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை பறந்தது. அரசாங்கத்தில் ஒரு வேலை இவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை விமான நிலையத்தில் கட்சிக்காரர்கள் தொண்டை கிழியக் கோஷம் போட்டார்கள். ‘பெண்ணுரிமையின் காவல் அரண்’ என்று வாசலில் ஆளுயரப் பதாகை வேறு. கோப்பைச் சுமந்தபடி அவள் அமைச்சருக்குப் பின்னால் நின்றாள்.

கவுண்டர் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். மேசையில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார்.

“மன்னிக்கணும் மேடம். உங்க கணவரோட சம்மதக் கடிதம் இல்லையே?”

அமைச்சர் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் ஓரமாகப் போய் அவசர அவசரமாக வீட்டுக்கு போன் போட்டார். பேசிவிட்டுத் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார்.

“ஐயா வேலையா இருக்காராம் மேடம். அப்புறம் பேசறேன்னு சொல்லச் சொன்னார்.”