ஆமை கேட்ட கேள்வி

முக்காலை அரையால் வகுக்கும் பின்னக் கணக்கைப் போட்டு, போட்டோ எடுத்து வகுப்புக் குரூப்பில் அனுப்பியது அணில். மற்ற எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆமை மட்டும் கேட்டது: "கோவிச்சுக்காதே. தலைகீழாத் திருப்புறதுன்னாலே எனக்குப் பயம். முதல் பின்னத்தை ஏன் திருப்பினே?"

"இதுகூடவா தெரியாது?" என்று முயல் சிரித்தது.

"சரி, விடுங்க. நான் மக்குதான்" என்று எழுதியது ஆமை.

அணிலுக்குப் பாவமாக இருந்தது. படம் போட்டு விளக்கிவிடலாம் என்று முக்கால் கொய்யாவை வரைந்து, அதில் எத்தனை அரைக் கொய்யா என்று எண்ணியது. ஒன்றரை வந்தது. போட்டோவில் வேறு விடை இருந்தது. திருப்ப வேண்டியது இரண்டாவது பின்னத்தை.

அணில் அவசரமாக எழுதியது: "ஆமை, போயிடாதே. அதே கேள்வியை இன்னொரு தடவை கேளு. முயலும் பார்க்கட்டும்."