பல் டாக்டர் பார்த்த படம்

பல் டாக்டர், நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, சொத்தையைக் குடைய ஆரம்பித்தார்.

"நமக்கு சினிமான்னா உயிர் சார். ரொம்பப் பிடிச்சது அந்த நாய் தொலைஞ்சுபோற படம். கடைசி வரைக்கும் நாய் பஞ்ச் டயலாக்கே பேசல. பிடிக்காததுன்னா போன வருஷம் வந்த எரிமலைப் படம்தான். பாத்தீங்களா?"

"ம்ம்."

"பதினேழு குண்டு பாய்ஞ்சவன் எழுந்து வந்து அம்மாகிட்ட தண்ணி கேக்கறான். இடைவேளையிலயே தப்பிச்சு ஓடலாம்னா, என் பைக்கைச் சுத்தி நாப்பது பைக்கை நிறுத்தி வச்சிருக்காங்க. மூணு மணி நேரம் சார். எடுத்தவன் மனுஷனா?"

"ம்ம்ம்ம்" என்று நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார் அவர்.

"வலிக்குதா? பொறுத்துக்குங்க, இன்னும் பாட்டுக்கே வரல."

ஐந்து பாட்டையும் கிழித்துத் தொங்கவிட்ட பிறகுதான் சொத்தையை அடைத்து, பஞ்சை வெளியே எடுத்தார் டாக்டர்.

"யோவ், அந்தப் படத்தை எடுத்ததே நான்தான்யா" என்று வெடித்தார் அவர்.

"தெரியும் சார்" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. "உள்ள வர்றப்போ நிரப்பிக் குடுத்த ஃபாரத்துல, தொழில்னு கேட்ட இடத்துல அந்தப் படத்தோட பேரைப் போட்டு, அதோட டைரக்டர்னே எழுதியிருந்தீங்களே. இல்லன்னா இந்தத் துக்கடா ஓட்டைக்கு எதுக்கு சார் அவ்வளவு பஞ்சு?"