நாலு தோள், முந்நூற்றுப் பன்னிரண்டு படி

நான் விழவில்லை. விழுந்த மாதிரி படுத்துக்கொண்டேன்.

இடத்தை நன்றாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே, படிக்கட்டின் தலைப்படி. அங்கிருந்து கீழே தார் ரோடு வரைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள்.

"அய்யோ, அங்கிள்!" என்று மெல்வின் ஓடி வந்தான்.

மெல்வின் ஈப்போக்காரன். சனிக்கிழமைதோறும் மலையேற ஆட்களைக் கூட்டி வருவான். காட்டுக்குள் வழி காட்டுவது நான். அன்றைக்கு வந்தவர்கள் அவன் தங்கை ஷாரனும், ஹாலந்திலிருந்து ஓர் அண்ணன் தம்பியும். அந்த இருவரும் போன வாரம் தியோமான் தீவில் வெயில் காய்ந்து, வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார்கள். இந்த வாரம் மலை. காசு கொடுத்து மேடு ஏறுகிறார்கள். நான் நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு இதே மேட்டில் ஏறியதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்போதும் முறைத்துக்கொண்டேதான் ஏறினேன்.

கால் சுளுக்கிவிட்டது என்றேன்.

எந்தக் கால் என்று ஷாரன் கேட்டாள்.

இரண்டும் என்றேன்.

வாசலில் என் மனைவி ரஞ்சிதம் நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதறவில்லை. தேத்தண்ணியை இன்னொரு மடக்கு குடித்தாள்.

"கதவுக்குப் பின்னால மூங்கிலும் கம்பளியும் இருக்கு தம்பி. அதுல வெச்சுத் தூக்குங்க."

மெல்வின் எடுத்து வந்து பார்த்தான். இரண்டு மூங்கிலுக்கும் நடுவே கம்பளியை மடித்து, சாக்கு ஊசியால் அழுத்தமாகத் தைத்திருந்தது.

"என்ன ஆன்ட்டி, ரெடியா தைச்சு வெச்சிருக்கீங்க?"

"இவரு அடிக்கடி விழுவாரு லா."

விஷயம் இதுதான். போன வருட மழையில் எங்கள் வண்டிப் பாதை சரிந்து போனது. அதற்கப்புறம் எங்கள் லயத்து வீடுகளில் முதலில் செத்தவன் சுப்பன். தூக்க ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில், கோலாலம்பூரில். லயத்தில் மிச்சமிருக்கும் ஆண்பிள்ளைகள் நான், முழங்கால் மாற்றிய நாகப்பன், ஒரு சேவல். கடைசியில் பின்பக்கக் காய்கறித் தோட்டத்து லேண்ட் ரோவர், அவர்கள் தோட்டத்துத் தடம் வழியாக வந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே சுப்பனை ஏற்றினோம். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூட்டைகளை விலக்கிவிட்டுத் தேட வேண்டியிருந்தது.

அன்றைக்கே எங்கள் வீட்டில் முடிவு செய்தோம். இந்த வாசலிலிருந்து போகிற உடம்பு நாலு பேர் தோளில்தான் போகும். கோஸோடு போகாது.

நாலு பேர் தோள், வாரம் தவறாமல் தானாகவே மலையேறி வந்துகொண்டிருந்தது. இந்தப் படியில் அவர்களால் முடியுமா என்றுதான் தெரியவில்லை.

"கால் முன்னால போகட்டும்," என்றேன்.

முதலுதவி வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஹாலந்து அண்ணன் சந்தோஷப்பட்டான். நானும் சந்தோஷப்பட்டேன்.

மூங்கிலைத் தோளில் ஏற்றினார்கள். நான் கைகளை நெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐம்பதாவது படியில், இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாமா என்று ஹாலந்து தம்பி கேட்டான். அது ஆகாது. ஆகவே எங்கள் ஊர் அட்டைகளைப் பற்றிச் சொன்னேன். போன வருடம் ஓர் அட்டை என் காலில் ஏறி வயிறு நிறையக் குடித்தது. ஒரே வாரத்தில் அதற்குச் சர்க்கரை வியாதி வந்து செத்துப்போனது. அடக்கம் செய்தவன் நான்தான்.

மெல்வின் மொழிபெயர்த்தான். யாரும் இறக்கி வைக்கவில்லை.

மூன்றாவது திருப்பத்தில் ஹாலந்து அண்ணனுக்குக் கால் வழுக்கியது. கம்பளி ஒரு பக்கம் சாய்ந்தது. என் இடது பாதி கால்வாய்க்கு மேலே தொங்கியது. கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே போகும்போது யாரும் கத்தப்போவதில்லை.

"அங்கிள், உயிரோட இருக்கீங்களா?" என்று ஷாரன் கேட்டாள்.

"ஓரளவுக்கு."

பெண்பிள்ளை தோள் கொடுக்கக் கூடாது என்பார்கள். நாலு பேரில் குலுக்காமல் நடந்தது அவள் ஒருத்திதான்.

தார் ரோட்டில் இறக்கினார்கள். இருபத்தெட்டு நிமிடம். நான் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, நாலு பேருக்கும் கும்பிடு போட்டேன். கம்பளியை மூங்கிலில் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு படியேற ஆரம்பித்தேன்.

"அங்கிள், கால்?"

"மேல இருக்கிற காத்து ஒத்துக்கல தம்பி. கீழ வந்ததும் சரியாப் போச்சு."

"நீங்க மேலேயே பொறந்தவர் லா!" என்று அவன் கத்தியது ஐம்பது படி வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சிதம் அதே நாற்காலியில் இருந்தாள்.

"என்னாச்சுங்க?"

"நாலு பேர் போதும். மூணாவது திருப்பத்துக்கு மட்டும் ஒரு கயிறு கட்டிக்கணும்."

"நீங்க எம்பத்திரண்டு கிலோ. நான் இப்ப நாப்பது கூட இல்ல."

"பெட்டியும் இருக்குல்ல. அதோட சேர்த்தா என் வெயிட்தான் வரும்."

அவளுக்குத் திருப்தி. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது.

"இந்த வெள்ளக்காரங்க சீசன் எதுவரைக்கும்?"

"ஆகஸ்ட் கடைசி."

விரலை மடக்கி எண்ணினாள்.

"டாக்டர் ஜூலைன்னுதானே சொன்னாரு. ஒரு மாசம் கூடவே இருக்கு," என்றாள். "அவசரமில்லைங்க. மெதுவாவே போலாம்."